எந்தக் கரையிலிருந்து

குடியிருப்பில் எல்லாரும் அவளைக் குழாயக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்குக் காரணம் அவளுடைய நாத்தனார். புது வேலை கிடைத்த அன்று, மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "அண்ணிக்குக் குழாய்க் கம்பெனியில வேலை" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலை மேல்மாடிக்காரர் வந்து கதவைத் தட்டினார். அவர் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒழுகுகிறதாம். வாஷர் தேய்ந்திருக்குமோ என்று விசாரித்தார்.

"அந்தக் குழாய் இல்லீங்க. இது கடலுக்கு அடியில போற குழாய். அதுல காஸ் போகும்."

"கடலுக்கு அடியிலயா? அங்க ஒழுகினா யார் போய்ப் பார்ப்பாங்க?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தாள். மேல்மாடிக்காரருக்குத் திருப்தியில்லை. கூப்பிட்ட குரலுக்கு வராத குழாய்க்காரி என்று நினைத்திருக்க வேண்டும்.

அதற்கு முன்பு அவள் பஸ் டிப்போவில் இருந்தாள். எந்த வண்டி எந்தத் தடத்தில் எப்போது கிளம்ப வேண்டும், எந்த டிரைவருக்கு எப்போது ஓய்வு, ஒரு வண்டி வழியில் படுத்துவிட்டால் எதை எடுத்து அந்த இடத்தில் விடுவது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. டிப்போ மேலாளர், "கடிகாரத்தை முழுங்கிட்டுப் பொறந்தவ" என்று அவளைப் பற்றிச் சொல்வார். குழம்பிப்போய் அவள் மேஜைக்கு வந்தவர்கள் தெளிந்து திரும்பிப் போனார்கள். அதுதான் அவளுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பெருமை. வீட்டில்கூட யார் எப்போது குளிப்பது என்பதை அவள்தான் தீர்மானித்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் கணவன் அதற்கு ஒரு நாளும் மறுப்புச் சொன்னதில்லை. மருத்துவமனையில் ஷிஃப்ட் பார்க்கும் நாத்தனார் மட்டும் முனகுவாள்.

கடலடிக் குழாய்த் திட்டத்தில் சரக்குப் போக்குவரத்தைத் திட்டமிட ஆள் தேடியபோது, நேர்காணல் செய்தவர் அவளிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "பஸ்ஸுக்குப் பதிலாக் குழாய். அவ்வளவுதாம்மா வித்தியாசம்."

அவளும் அதை நம்பித்தான் சேர்ந்தாள்.

துறைமுகத்தை ஒட்டிய பெரிய வெட்டவெளிதான் யார்டு. கண்ணுக்கெட்டிய வரை குழாய்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு பஸ் நீளம். இரும்புக் குழாயின் மேல் கான்கிரீட் பூச்சு. காற்றடித்தால் சிமெண்டுத் தூள் கிளம்பி வந்து பல்லில் நறநறக்கும். அலுவலகம் என்பது ஒரு பழைய கன்டெய்னர் பெட்டிதான். அதன் ஏசி இடைவிடாமல் சொட்டிக்கொண்டிருந்ததால் அடியில் ஒரு பெயிண்ட் டப்பாவை வைத்திருந்தார்கள்.

முதல் நாளே அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கிரேன்களையெல்லாம் கவனித்துக்கொண்ட மேஸ்திரியிடம் கேட்டாள். "இரும்புதானே, தானாவே முழுகிடாதா? எதுக்கு மேல கான்கிரீட்டு?"

"உள்ள காத்துதானே மேடம் இருக்கு. காலிக் குடத்தை வாய மூடித் தண்ணியில விட்டா முழுகுமா? அந்த மாதிரி இதுவும் மெதந்துடும். அதுக்குத்தான் கனம் ஏத்துறாங்க."

இவ்வளவு பெரிய இரும்பு மிதக்கும் என்பதை அவள் மனம் ஏற்க வெகு நாளாயிற்று. கூட்டங்களில் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து காலிக் குடத்தைத் தொட்டியில் அழுத்திப் பார்த்தாள். நாத்தனார் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

வேலையைப் பற்றி அவளுக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். கடலில் ஒரு பெரிய கப்பல் நிற்கும். அதற்குள் குழாயோடு குழாயை வைத்து வெல்டிங் செய்து, வாலைப் போலப் பின்னால் கடலுக்குள் இறக்கிக்கொண்டே முன்னால் நகரும். யார்டிலிருந்து சிறு கப்பல்கள் அதற்குக் குழாய்களைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் வராவிட்டால் பெரிய கப்பல் வாலைத் தொங்கவிட்டபடி அப்படியே நிற்கும். அந்தச் சமயத்தில் கடல் கொந்தளித்தால் வால் மடங்கிவிடும். ஆகவே எந்தக் குழாய் எப்போது போக வேண்டும் என்பதுதான் முக்கியம். எல்லாக் குழாயும் ஒன்றில்லை. கரையோரம் அலையும் நங்கூரமும் படும் என்பதால் அங்கே தடித்த பூச்சுள்ளவை. ஆழத்துக்கு மெல்லிய பூச்சுள்ளவை.

இந்தக் கரைப்பக்கம் கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடந்தது. எதிர்க் கரையில் பாறை. தண்ணீருக்குள் இறங்கியவுடன் செங்குத்தாக ஆழம்தான். இந்தக் கரையிலிருந்து பதிக்கத் தொடங்குவார்கள் என்பதால், முதலில் தேவைப்படும் தடித்த குழாய்களைக் கப்பல் நிற்கும் மேடைக்குப் பக்கத்திலும், மெல்லியவற்றைப் பின்னாலும் அடுக்க வைத்தாள். பஸ்களைக் கிளம்பும் வரிசையில் நிறுத்துவது போலத்தான். அடுக்கி முடித்த அன்று மேட்டில் ஏறி நின்று பார்த்தாள். சேர்ந்த நாளிலிருந்து அன்றுதான் அவளுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

அந்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. பதிக்கும் வேலை பூஜ்யத்திலிருந்து, அதாவது வரைபடத்தில் கிலோமீட்டர் எண்ணத் தொடங்கும் முனையிலிருந்து, தொடங்கும், யார்டு தயாராக இருக்கட்டும் என்று.

திட்டத்தின் வரைபடங்களைக் கவனித்துக்கொண்ட இளைஞரை எல்லாரும் வரைபடக்காரர் என்பார்கள். தற்செயலாக அவரிடம் பேசும்போது அவர் சொன்னார். "அந்தக் கரையில வேலை இன்னும் முடியலயே, பூஜ்யத்துலேர்ந்து எப்படி மேடம் ஆரம்பிப்பாங்க?"

"அந்தக் கரையா? பூஜ்யம் இங்கதானே இருக்கு?"

"இல்லீங்களே. பூஜ்யம் அங்க."

அவள் நேரே தலைமைப் பொறியாளரிடம் போனாள். அவருக்கு யார்டில் வைத்த பேர் 'பார்க்கலாம் சார்'. எதைக் கேட்டாலும் அவர் சொல்வது அதுதான். வெடுக்கென்று சொன்னால் சரி என்று பொருள். இழுத்துச் சொன்னால் முடியாது என்று பொருள். இரண்டுக்கும் நடுவில் சொன்னால் மேஸ்திரியைத்தான் கேட்க வேண்டும்.

"சார், எந்தக் கரையிலேர்ந்து ஆரம்பிக்கிறோம்?"

"பூஜ்யத்துலேர்ந்து."

"பூஜ்யம் எங்க சார் இருக்கு?"

அவர் எழுந்துபோய்ச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தார். கன்டெய்னர் சுவர் வரைபடத்தின் நீளத்துக்குப் போதாததால் எதிர்க் கரைப் பகுதியை மடித்து அலமாரிக்குப் பின்னால் விட்டிருந்தார்கள். ஆபீஸ் உதவியாளரைக் கூப்பிட்டு அலமாரியை நகர்த்தினார்கள். பின்னால் ஒரு பல்லியும், காணாமல்போன ஸ்டேப்ளரும், வரைபடத்தின் மிச்சமும் இருந்தன. எதிர்க் கரையில் நீல மையில் பூஜ்யம் போட்டிருந்தது. இந்தக் கரையிலும் பூஜ்யம் இருந்தது, சிவப்பு மையில்.

பார்க்கலாம் சார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நடுவான குரலில் "பார்க்கலாம்" என்றார்.

அவள் வரைபடக்காரரைக் கேட்டாள். நீலம்தான் சரி என்றார். பெரிய கப்பலின் சார்பில் பேசுகிற கப்பல்காரருக்குப் போன் செய்தாள். தங்களிடம் இருப்பது சிவப்பு என்றார். ஆளுக்கொரு பதில், ஆனால் ஒருவர் குரலிலும் சந்தேகமே இல்லை. சந்தேகம் தனக்கு மட்டும்தான் என்று அவளுக்குப் பட்டது. அதுதான் அவளைத் தின்றது.

தலைமை அலுவலகத்தைக் கேட்டதில் அவர்களும் நீலம் என்றார்கள். அந்தக் கரையில் எடுத்தவுடன் ஆழம், மெல்லிய குழாய்தான் முதலில் வேண்டும் என்று அடுக்கைத் திருப்பச் சொன்னாள். கிரேன்கள் தடித்த குழாய்களைத் தூக்கிப் பின்பக்கத்து வெளியில் வைத்தன. நடுவில் அகலமாக ஒரு பாதை திறந்து, மெல்லிய குழாய்கள் வெளியே தெரிந்தன. வேலை பாதி நடந்திருக்கும். அப்போது கப்பல்காரரிடமிருந்து செய்தி வந்தது, உங்கள் கரையிலிருந்துதான் ஆரம்பம் என்று. அதற்கு மறுநாள் வரைபடக்காரர் நீலத்தையே மீண்டும் அடித்துச் சொன்னார். பார்க்கலாம் சார் ஊரில் இல்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது எதிர்த்திசையில் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவளே ஒரு காலத்தில் நேரம் போட்டுக் கொடுத்த தடம் அது. டிப்போ வாசலில் வண்டி நின்றபோதுதான் தெரிந்தது. நடத்துனர் அடையாளம் கண்டு, "என்னக்கா, பழைய இடத்துக்கே வந்துட்டீங்களா?" என்று கேட்டார். யாரையோ பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டு, பார்க்க யாரும் இல்லாமல் கொஞ்ச நேரம் அங்கே நின்றாள்.

சாப்பாட்டு மேஜையில் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"கடையில கண் டெஸ்ட் பண்ணும்போது ரெண்டு லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதான்னு கேப்பாங்க இல்ல? சில பேருக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். ஆனா சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு எதையாவது ஒண்ணைச் சொல்லிடுவாங்க. அப்புறம் தலைவலியோட திரும்பி வருவாங்க."

"நான் என்ன பண்ணணும்ங்கறீங்க?"

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடு."

"தெரியும்னுதானே வேலைக்கே எடுத்தாங்க."

"அண்ணிக்குத் தெரியாததா" என்றபடி நாத்தனார் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அது கிண்டலா ஆறுதலா என்றுகூட அவளுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

காலையில் மேஸ்திரி கேட்டார். "மேடம், மிச்சத்தையும் திருப்பிடலாமா? இல்ல பழையபடியே வச்சிடலாமா?"

அவள் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். பாதி அப்படி, பாதி இப்படி. கடன் வாங்கிக் கட்டிய வீடு மாதிரி எந்தப் பக்கமும் முடியாமல் நின்றது. எதைச் சொன்னாலும் தப்பாகப் போகலாம்.

"இப்படியே இருக்கட்டும்" என்றாள்.

மேஸ்திரி ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏதோ புரிந்துகொண்டவர் போலத் தலையசைத்துவிட்டு, கிரேன்களை ஓரங்கட்டச் சொன்னார். அதன்பின் அவர் கேட்ட போதெல்லாம் அதே பதில்தான். எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்துச் சொன்னது அல்ல. வேறு வார்த்தை வரவில்லை. யார்டுக்குள் நுழையும்போதெல்லாம் அந்தப் பாதித் திறந்த பாதை அவளைப் பார்த்துப் பல்லிளித்தது.

வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். டிப்போ மேலாளருக்குப் போனும் செய்தாள். அவர் ஓய்வு பெற்றுவிட்டாராம். அவள் இடத்தில் இப்போது ஒரு கம்ப்யூட்டர் நேரம் போடுகிறதாம். போனை வைத்தபோது, திரும்பிப்போகவும் வழியில்லை என்பதைவிட, அந்தக் கம்ப்யூட்டர் இந்த யார்டை எப்படி அடுக்கியிருக்கும் என்ற யோசனைதான் அவளுக்கு வந்தது.

ஒருநாள் முன்னறிவிப்பு அதிகமில்லாமல் கூட்டம் போட்டார்கள். பார்க்கலாம் சார் திரும்பி வந்திருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேலதிகாரியும் வந்திருந்தார். எதிர்க் கரையில் பாறையைக் குடைந்து குழாயை வாங்கிக்கொள்ளும் வேலை முடியவில்லை. இந்தக் கரையோரம் மீன்பிடிப் பருவம் முடியும்வரை படகுக்காரர்கள் கப்பலை விட மாட்டார்கள். ஆகவே நடுக்கடலில் தொடங்குகிறோம் என்றார் மேலதிகாரி. ஆழப்பகுதியை முதலில் பதித்து இரு முனையையும் மூடிக் கடலடியில் விட்டுவிட்டு, கரைப்பகுதிகளைப் பிறகு கொண்டுவந்து இணைப்பார்கள்.

"நடுவுலேர்ந்தா?" என்றாள் அவள். அவளை அறியாமல் வந்துவிட்டது.

"ஆமா. மெல்லிசுப் பூச்சுக் குழாய்தான் முதல்ல வேணும். அது அடுக்குக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு இருக்குமே, எடுக்க எவ்வளவு நாளாகும்?"

பார்க்கலாம் சார் அவளைப் பார்த்தார். மேஸ்திரி முந்திக்கொண்டார். "நடுவுல பாதை தொறந்துதான் இருக்கு சார். மேடம் அப்பவே தொறந்து வச்சுட்டாங்க. நாளைக்கே ஏத்தலாம்."

மறுநாளே முதல் சிறு கப்பலில் குழாய் ஏறியது. ஒரு குழாயைக்கூட வழியிலிருந்து நகர்த்த வேண்டியிருக்கவில்லை. மேலதிகாரி கையைக் குலுக்கி, இப்படி முன்யோசனை உள்ளவர்கள்தான் திட்டத்துக்கு வேண்டும் என்றார்.

"முன்யோசனை எல்லாம் இல்ல சார். எனக்கு ஒண்ணும் புரியல. அதான் பாதியில நிறுத்திட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். என்ன அடக்கம் பாருங்கள் என்றார் மேலதிகாரி. அவளும் வேறு வழியில்லாமல் சிரித்தாள். உண்மையைச் சொல்லியும் அது பொய்யாகப் போவதை அவள் முதல்முறையாகப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் மேஸ்திரி பின்னாலேயே வந்தார். "மேடம், நெசமாவே தெரியாதா?"

"நெசமாவே தெரியாது."

"உங்க முகத்தைப் பார்த்து, மேலிடத்துல ஏதோ சொல்லி வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். வாயத் தொறக்க மாட்டேங்கறாங்களேன்னு."

"என் முகம் அப்படியா இருந்துச்சு?"

"கல்லு மாதிரி இருந்துச்சு மேடம்."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று கணவன் சொன்னான். இருக்கலாம். ஆனால் அவளுக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. டிப்போவில் அவள் சரியாகச் செய்ததற்கு ஒருவரும் கை குலுக்கியதில்லை. இங்கே திகைத்து நின்றதற்குப் பாராட்டு. பாராட்டைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. காக்கையா பனம்பழமா, தான் இதில் யார் என்று நாத்தனாரைக் கேட்டாள். "மரம்" என்றாள் நாத்தனார். மூன்று பேரும் சிரித்தார்கள். வெகு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

கரைப்பகுதிகளுக்கான கூட்டம் வந்தபோது மீண்டும் பூஜ்யம் தலைதூக்கியது. முதல் கிலோமீட்டரில் இத்தனை குழாய், அதற்கடுத்து இத்தனை என்று பார்க்கலாம் சார் படித்துக்கொண்டே போனார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். அவளுடைய பேனா மட்டும் நகரவில்லை. முன்யோசனைக்காரி என்று பேர் வாங்கியாகிவிட்டது. இப்போது கேட்டால் அந்தப் பேரும் போய்விடும் என்று ஒரு நினைப்பு. போனால் போகட்டும் என்று அதன் பின்னாலேயே இன்னொன்று.

"சார், எனக்கு இது புரியல."

"எது?"

"முதல் கிலோமீட்டர்னா எந்தக் கரை? நான் ஆரம்பத்துலேர்ந்தே கேட்டுட்டு இருக்கேன். இன்னும் புரியல."

ஏசி டப்பாவில் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வரைபடக்காரர் தொண்டையைச் செருமினார். "நீலம் எப்படி வந்துச்சுன்னு எனக்கும் தெரியாது சார். நான் சேர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு. எல்லாரும் நீலம்னாங்க, நானும் நீலம்னுட்டேன்."

போனில் இணைந்திருந்த கப்பல்காரர், தன்னிடம் இருப்பது கறுப்பு வெள்ளைப் பிரதி என்றும், சிவப்பு என்று யாரோ சொன்னதால் சிவப்பு என்று வைத்துக்கொண்டதாகவும் சொன்னார்.

பார்க்கலாம் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அப்ப நான் இவ்வளவு நேரமா எந்த எண்ணைப் படிச்சுட்டு இருக்கேன்?"

அன்று மட்டும் அவர் பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

இனி எண்ணே வேண்டாம், 'நம்ம கரை', 'அந்தக் கரை' என்று சொல்லிக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எதிர்க் கரை ஆட்களும் தங்கள் கரையை 'நம்ம கரை' என்றே எழுதினார்கள். இங்கே வர வேண்டிய வளைவுக் குழாய்கள் அங்கே போய் இறங்கின. அதற்குப் பிறகு, இங்கே கலங்கரை விளக்கம் இருந்ததால் இதை விளக்குக் கரை என்றும், அதைப் பாறைக் கரை என்றும் பேர் வைத்தார்கள். அந்தப் பேர்கள் நிலைத்தன. பேர் வைத்தது தான்தான் என்று பிறகு ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டார்கள். மேஸ்திரி வைத்தது என்றுதான் அவளுக்கு ஞாபகம். அதிலும் நிச்சயமில்லை.

வேலை முடிய எதிர்பார்த்ததைவிட வெகுநாள் பிடித்தது. நடுவில் ஒரு புயல் வந்து, பெரிய கப்பல் குழாய் முனையைக் கடலடியில் விட்டுவிட்டு ஓடியது. திரும்பி வந்து அதைத் தேடி எடுத்தார்கள். யார்டு மெல்ல மெல்லக் காலியானது. குழாய் கிடந்த இடத்திலெல்லாம் வெளிறிய கோடுகளும் நடுவில் புல்லும் தெரிந்தன. பஸ் என்றால் மாலையில் டிப்போவுக்குத் திரும்பி வந்துவிடும். இங்கே அவள் அனுப்பியது ஒன்றுகூடத் திரும்பவில்லை. கடைசிக் குழாய் ஏறிய அன்று கப்பல் மேடையில் வெறுமனே நின்றாள். முடிந்ததா என்று மேஸ்திரியிடம் இருமுறை கேட்டாள்.

காஸ் விடும் நாளில் விளக்குக் கரை நிலையத்துக்கு அவளையும் அழைத்தார்கள். வெள்ளையடித்த சிறு கட்டடம். உள்ளே வால்வுகளும் அழுத்தமானிகளும். தரைக்கு அடியிலிருந்து ஒரு குழாய் எழுந்து வளைந்து நின்றது. கடல் தெரியவே இல்லை. வரைபடக்காரர் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். அழுத்தமானியின் முள் நடுங்கி மேலே ஏறியபோது எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். தட்டும்போதே ஒரு விஷயம் உறைத்துத் தட்டுவதை நிறுத்தினாள்.

"தம்பி, காஸ் அங்கேர்ந்து இங்க வருதா, இங்கேர்ந்து அங்க போகுதா?"

வரைபடக்காரர் அவளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார். இத்தனை நாளும் இதை ஒருமுறைகூட அவள் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

"ரெண்டும்தான் மேடம். யாருக்கு எப்பத் தேவையோ அந்தப் பக்கம் திருப்பிக்குவாங்க."

"இப்ப எந்தப் பக்கம்?"

அவர் அழுத்தமானியைக் கூர்ந்து பார்த்தார். பிறகு வால்வைப் பார்த்தார். "தெரியல மேடம்" என்றார். "கேட்டுச் சொல்லட்டுமா?"

"கேளுங்க" என்றாள்.

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். அவள் குழாயின் வளைவில் கையை வைத்தாள். உள்ளே ஏதோ ஓடும் அதிர்வு உள்ளங்கையில் தெரிந்தது, எந்தப் பக்கமாக என்று மட்டும் தெரியவில்லை. அவர் திரும்பி வரும்வரை கையை எடுக்காமல் நின்றாள்.